எந்த வண்டி முதலில்

மந்தைவெளி,
ஜூலை 18

அன்புள்ள ஜவஹருக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். மணி ஒன்றே கால். கீர்த்தி தூங்கின பிறகுதான் கை ஓய்கிறது. போனில் பேசினால் குரல் விட்டு விட்டு வருகிறது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால் கப்பல் மெயிலுக்கே அனுப்புகிறேன். கேப்டன் படித்துவிடுவாரோ என்று முன்பெல்லாம் பயம். இப்போது அதுவும் இல்லை, படித்தால் படிக்கட்டும்.

கீர்த்தி நன்றாக இருக்கிறாள். இந்த மாதம் ஒரே ஒரு தடவைதான் இழுப்பு வந்தது. நெபுலைசர் வைத்ததும் அடங்கிவிட்டது. மூன்று வயது முடிந்ததிலிருந்து தன் செருப்பைத் தானே போட்டுக்கொள்கிறாள், இடது வலது மாற்றித்தான். நானும் நன்றாக இருக்கிறேன். நேற்றுக் காலை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். கீழ்வீட்டு சுலோச்சனா மாமி தீய்ந்த வாசனை பிடித்து மேலே வந்து அடுப்பை அணைத்தார். வேறொன்றும் இல்லை.

வண்டி விஷயமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். டிசம்பர் மழையில் நம் சாம்பல் கார் போன பிறகு வாசலில் நிற்பது உங்கள் ஜீப் ஒன்றுதான். ஜூனில் வேலைக்குத் திரும்பியதும் ரயிலில் போய்ப் பார்த்தேன். மந்தைவெளியில் ஏறினால் தரமணியில் ஆபீஸ் பக்கத்திலேயே இறங்கலாம். ஆனால் கீர்த்தியின் காப்பகம் அடையாற்றில், எந்த ஸ்டேஷனுக்கும் பக்கத்தில் இல்லை. ஒரு கையில் அவள், ஒரு கையில் நெபுலைசர் பை, தோளில் லேப்டாப். இரண்டு நாள்தான் முடிந்தது. மூன்றாம் நாள் ஜீப் சாவியை எடுத்தேன். லைசென்ஸ் வாங்கிய பிறகு நான் தனியாக ஓட்டியதே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பயப்பட நேரமில்லை, ஓட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆரில் காற்று வாங்கப் போக நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி. அதில் தினமும் ஆபீஸ் போவது வேறு கதை. கிளட்ச் கல் மாதிரி இருக்கிறது. அடையாறு பாலம் தாண்டுவதற்குள் இடது முழங்கால் மரத்துப்போகிறது. கதவுக்குப் பதில் சங்கிலி. பின்னால் பெஞ்சு மாதிரி இருப்பதால் குழந்தை சீட்டை அங்கே கட்ட வழியில்லை, முன்னால் கட்டியிருக்கிறேன். ஒரு நாள் திடீர் மழையில் நனைந்த சுடிதாரோடு மீட்டிங்கில் உட்கார்ந்தேன்.

மாமி முதல் நாளே பிடித்துக்கொண்டார். "ஏண்டிம்மா, கதவே இல்லாத வண்டியில கொழந்தையை அழைச்சுண்டு போறயே, கேக்கறதுக்கு ஆத்துல யாருமே இல்லையா?" என்றார். மறு வாரம் அவரே முக்காலி போட்டு ஏறி, லஸ் வரை வந்தார். இறங்கும்போது, "கோவிலுக்குப் போற வழியில எல்லாரும் என்னையே பார்த்தாடி" என்று சிரித்தார்.

மந்தைவெளி சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர், "இன்னா மேடம், ஷூட்டிங்கா? ஹீரோ எங்க கீறாரு?" என்றார். கீர்த்தி "கப்பல்ல" என்றாள். "அப்ப நீதான் டிரைவரா நைனா, பாத்து ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அடையாறு வரை சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் இந்த வண்டியில்தான் அப்படிச் சிரிக்கிறாள்.

ஆனால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தூசியும் புகையும் இவளுக்கு ஆகாது, கண்ணாடி ஏற்றிய வண்டியில் கூட்டிப்போங்கள் என்று.

போன ஞாயிறு அப்பா ஷோரூமிலிருந்து கலர் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். சின்ன வெள்ளைக் கார், கியர் போட வேண்டாம். "நான் எடுத்துத் தரேம்மா. ஆனா அந்தச் சனியன் வாசல்ல நிக்கக் கூடாது. வித்துடு. அதைப் பாத்தாலே எனக்கு அந்த ஆஸ்பத்திரி வராண்டாதான் ஞாபகம் வருது" என்றார். நீங்களும் சிங்கப்பூரிலிருந்து "வித்துடு" என்று ஒரே வார்த்தை அனுப்பியிருந்தீர்கள். நீங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுவாகத்தான் இருக்கும். நான் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை லஸ் முனையில் போலீஸ்காரர் எல்லா வண்டிகளையும் நிறுத்திப் பேப்பர் பார்த்தார். சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்தேன். ஆர்.சி. புத்தகத்தோடு விற்பனைப் படிவங்களும் வந்தன. விற்பவர் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து. வாங்குபவர் பெயரும் தேதியும் காலி. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "விக்கப்போறியாம்மா? என் மச்சான் ஒருத்தன் இந்த மாதிரி வண்டிதான் தேடிக்கினு கீறான்" என்றார். இல்லை என்றேன். யோசித்துச் சொல்லவில்லை.

ஜனவரியில் கிளம்புவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். மார்ச்சில் ஏற வேண்டிய கப்பலில் இரண்டு மாதம் முன்னாலேயே ஏறியதும் அந்த வராண்டாவில் நடந்ததால்தானே.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

அந்த மழை நாள் மத்தியானம், நாம் அப்போது இருந்த வேளச்சேரியில் எல்லோரும் கார்களை மேம்பாலத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் இரண்டு சாவிகளையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, எது முதலில் என்று கேட்டீர்கள். ஜீப்பை எடுங்க, அதுக்குக் கூரை இல்லை, காருக்கு என்ன, கண்ணாடி ஏத்தித்தானே இருக்கு என்று சொன்னது நான். மேலிருந்து விழும் தண்ணீரைத்தான் நினைத்தேன். கீழிருந்து ஏறும் தண்ணீர் தோன்றவே இல்லை. நீங்கள் ஜீப்பை விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் தெருமுனையில் மார்பளவு தண்ணீர். மின்கம்பம் சாய்ந்துவிட்டதென்று யாரையும் உள்ளே விடவில்லை.

ராத்திரி அவளுக்கு இழுக்க ஆரம்பித்தது. கரண்ட் இல்லை, நெபுலைசர் ஓடவில்லை. விடியும் நேரம் கொட்டிவாக்கம் மீனவர்கள் படகோடு வந்தார்கள். "இன்னாம்மா, கொயந்தைக்கு இப்டி இழுக்குது, காரு கீரு இல்லியா?" என்று ஒருவர் கேட்டார். கையைக் காட்டினேன். கூரை மட்டும் தெரிந்தது. "சர்தான், ஏறு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அப்பா உங்களைப் பார்த்து, "புள்ளையை வுட்டுட்டு ஜீப்பைக் காப்பாத்தினியே, நீயெல்லாம் ஒரு அப்பனா?" என்று கேட்டபோது, நீங்கள் என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். பிறகு, "ஆமாம் மாமா, தப்பு என்னுதுதான்" என்றீர்கள். நான் கீர்த்தியின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அன்று மட்டும் அல்ல. ஐந்தாம் நாள் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தபோதும், உங்களை ஏர்போர்ட்டில் விட்டபோதும், இந்த ஏழு மாதமும்.

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கலர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, ஜீப்பை முதலில் எடுக்கச் சொன்னது நான்தான்பா என்றேன். அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "அவன் ஏன் அன்னிக்கே சொல்லல?" என்று கேட்டார். "நான் பக்கத்துலதானே நின்னேன். நானே சொல்லுவேன்னு இருந்திருப்பார்" என்றேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். சொன்ன பிறகு நெஞ்சு லேசாகும் என்பார்களே, அப்படி ஒன்றும் ஆகவில்லை. போய் இட்லிக்கு மாவு கரைத்தேன். இன்று காலை போன் செய்து, மாப்பிள்ளை எப்போது வருகிறார் என்று கேட்டார். டிசம்பருக்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து இப்போதுதான் கேட்கிறேன்.

கீர்த்திக்குக் கண்ணாடி உள்ள வண்டி வேண்டும். ஆபீஸ் கடனில் பழைய கார் ஒன்று பார்த்துக்கொள்கிறேன். அப்பா வாங்கித்தர வேண்டாம். ஜீப்பை நான் விற்கப்போவதில்லை. அந்தப் படிவங்களைக் கிழிக்கவும் இல்லை, இருந்த கவரிலேயே வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது என்பதை நீங்கள் இங்கே வந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

அக்டோபரில் மறுபடி மழை வரும். இங்கே மாடி வீடுதான், இருந்தாலும் மேகம் கறுத்தால் நான் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடக்கிறேன். இப்போது எனக்கு ஓட்டத் தெரியும். ஆளுக்கு ஒரு வண்டி எடுக்கலாம், எது முதலில் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கச் சொல்லிக் கம்பெனி கேட்டிருக்கிறது, மாதக் கடைசியில் கையெழுத்துப் போடப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கடல் அமைதியாக இருக்கட்டும். எஞ்சின் ரூம் சூட்டில் வெறும் வயிற்றோடு நிற்காதீர்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
ஜெயபாரதி