நடுவில் நிற்காத பக்கம்

"அடுத்த தலைப்பு இல்லை."

இன்று மத்தியானம் என் கம்ப்யூட்டர் இப்படிச் சொன்னது. கண் தெரியாத உனக்கு இணையப் பக்கங்களை வாசித்துக்காட்டிய அதே இயந்திரக் குரல். நீ போன பிறகும் நான் அதை அழிக்கவில்லை. நான் செய்யும் ஒரு பக்கம் முடிந்ததும் அதில் கேட்டுப்பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இன்று கையில் இருந்தது கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியின் தளம். குரலைக் கேட்டதும் வேலை ஓடவில்லை.

முன்பு ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு நான் செய்த தளத்தை உன்னிடம் பெருமையாகக் காட்டினேனே! தலைப்புகளை எல்லாம் பெரிதாக்கி, தடித்த எழுத்தாக்கி, சிவப்படித்திருந்தேன். 'இது தலைப்பு' என்று குறிக்க அங்கேயே ஒரு பொத்தான் உண்டு. அதை யார் தொடுகிறோம்? கண்ணுக்குத் தலைப்பாகத் தெரிந்தால் போதும் நமக்கு. நீ ஒரு விசையைத் தட்டித் தட்டிப் பார்த்தாய். அந்தக் குறி இருந்தால்தான் தலைப்புக்குத் தலைப்பு தாவும் குரல்; அது நகரவே இல்லை.

"ஏலே, ஒன் டு ஒன் பஸ்ல ஏத்திவிட்டுட்டியே!" என்றாய்.

இருவரும் சிரித்தோம். அதற்கு முன் ஒருநாள் உன் ஊரான இடைசெவலுக்குப் போகக் கிளம்பி, பேச்சு மும்முரத்தில் போர்டைப் பார்க்காமல், நடுவில் எங்கும் நிற்காத அந்த பஸ்ஸில் ஏறிவிட்டோம். ஊர் நெருங்கியதும் நீ எழுந்து நின்றாய். "இங்கனலாம் நிக்காது, உக்காருங்க" என்றார் கண்டக்டர். திருநெல்வேலி வரை நீ கம்பியை விடவில்லை. சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது.

இன்று அந்த வேர்வை எனக்கு. முதலாளி வாங்கிப்போட்ட புது மென்பொருளில் எழுத்துகள் பெட்டி பெட்டியாக வந்து விழுகின்றன, தலைப்பு என்ற குறியே இல்லாமல். ஒவ்வொன்றாக நான்தான் போட வேண்டும். "பாக்க நல்லாத்தான இருக்கு? சாயங்காலம் குடுத்துரணும். முடியலன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டார். சென்னைக்குப் போய்விடலாமென்றால் வீட்டில் அப்பா படுத்த படுக்கை. இந்த நாற்காலியை வெறுத்துக்கொண்டேதான் தினமும் வந்து உட்காருகிறேன்.

மானிட்டரை அணைத்துவிட்டு மறுபடி கேட்டேன். ஆஸ்பத்திரியின் வரலாறு, நிறுவனர் பெருமை, வாழ்த்துரை என்று குரல் போய்க்கொண்டே இருந்தது. அவசர சிகிச்சை எங்கே என்று தெரியவில்லை, தாவவும் வழியில்லை. நீ ஏன் கம்பியை விடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

மானிட்டரைப் போட்டேன். 'அவசர சிகிச்சை' என்ற வரியிலிருந்து குறிக்கத் தொடங்கினேன். முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"இன்னும் என்னல செய்யுத? அனுப்பு, நேரமாச்சு."

திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்: "ஒரு ஆளு இறங்கணும் அண்ணாச்சி."