கொடியடியில் போட்ட கல்

மார்ச் 9, 1961. இரவு.

கொல்லைத் திராட்சை மொத்தமும் வெடித்துப் புளித்துவிட்டது. இந்த வெயிலில், பழுக்கும் சமயத்தில் தண்ணீர் பாய்ந்தால் பழம் வெடித்துவிடும் என்று, குடத்தோடு யாரையும் கொடிப்பக்கம் விடாமல் காத்தேன். ஆனால் நோன்பு திறக்க வருகிறவர்கள் தொழுகைக்குக் கைகால் கழுவுகிற கல் கொடியடியில்தான் கிடக்கிறது. தினமும் அத்தனை தண்ணீரும் வேருக்குப் போயிருக்கிறது. அங்கே கல்லைப் போட்டவனே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முழுகாமல் இருக்கும் மகளுக்குத் திராட்சையைத் தவிர எதுவும் வயிற்றில் தங்குவதில்லை. கடத்தூர்ச் சந்தையிலும் பழம் கிடைக்கவில்லை.

"புளிச்சாலும் பரவால்லீங்க அத்தா, குடுங்க" என்றாள். பொறுக்கிக் கொடுத்தேன். அதையும் வாந்தி எடுத்துவிட்டாள்.

நோன்பு பிடித்த நான் பொழுது சாய்ந்ததும் கஞ்சி குடித்துவிட்டேன். அவள் இன்னும் ஒன்றும் குடிக்கவில்லை.