அப்பா ஏலம் எடுத்த நீலக் கம்பெனி

கருங்கல்,
திங்கட்கிழமை.

அன்பு மகன் ஜெபிஷுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே அப்பாவுக்குச் சர்க்கரையும் எனக்கு வாயும் குறையாமல் எல்லாரும் சுகம். கனடா குளிரில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதி, உன் தங்கை ஜெஸ்மியிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். பெரிதாக்கி முழுவதும் வாசி.

ஜெஸ்மி பிள்ளையின் ஞானஸ்நானத்தை உனக்காக இரண்டு தடவை தள்ளி வைத்தோம். தாய்மாமன் இல்லாமல் நடத்தக் கூடாது என்று அப்பா ஒரே பிடிவாதம். இப்போது ஜனவரி இரண்டாம் ஞாயிறு என்று போதகரிடம் சொல்லியாகிவிட்டது. நீயோ அந்த வாரம் ஷேர் மார்க்கெட் விளையாட்டின் ஃபைனல், வர முடியாது என்று மெசேஜ் போடுகிறாய். முப்பத்திரண்டு வயது என்ஜினியருக்கு, அட்டைக்காசு கொடுத்து இல்லாத கம்பெனியை வாங்கி விற்க அவ்வளவு அவசரம். பிள்ளை சுவரைப் பிடித்து நடக்கிறது. இன்னும் ஒரு தடவை தள்ளினால் அதுவே கோயிலுக்கு நடந்துபோய்த் தலையைக் குனிந்து நிற்கும்.

சமாதானத்துக்கு நீ அனுப்பிய அந்த விளையாட்டுப் பெட்டியும் வந்தது. மூளைக்காரர் விளையாட்டு, விளையாடினால் உங்களுக்கே புரியும் என்று எழுதியிருந்தாய், நீ எப்போதும் எடுப்பது நீலக் கம்பெனிதான் என்று ஒரு பெருமை வேறு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து மருமகன் சிஜின் விதிப் புத்தகத்தை எடுத்தார், வாசித்து முடிப்பதற்குள் சாயா நேரம் ஆகிவிட்டது. குறைந்த விலைக்கு ஏலத்தில் எடுத்துக் கூடின விலைக்கு விற்க வேண்டுமாம். இதைச் சொல்லித்தரக் கனடாவிலிருந்து பெட்டி வர வேண்டுமா, கருங்கல் சந்தையில் வெற்றிலை விற்கிறவளுக்கே தெரியும்.

உன் அப்பாவுக்கு மட்டும் தெரியவில்லை. ஏலம் என்றதும் அவருக்குச் சபையின் அறுப்புப் பண்டிகை ஏலம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே காணிக்கையாக வந்த ஒரு தேங்காயை ஆயிரத்துக்குக் கேட்டால் மரியாதை. சண்டே ஸ்கூல் பிள்ளையாய் நீ காணிக்கை கொண்டுபோன சேவலை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று மூன்று மடங்கு விலை கேட்டு வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்த மனிதர் அல்லவா. உன் நீலக் கம்பெனியின் சீட்டு ஏலத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மருமகன் பத்து என்றால் இவர் இருபது. மருமகன் விட்ட பிறகும் தன் விலைக்கு மேல் தானே பத்து ஏற்றி, ஒரு தரம் இரண்டு தரம் என்று தானே கூவி, கையிலிருந்த அட்டைக்காசு முழுவதையும் கொட்டி எடுத்தார். அடுத்த சுற்றிலேயே நீலத்தின் விலை விழுந்தது. கிடைத்த விலைக்கு விற்றுவிடுங்கள் என்று ஜெஸ்மியும் மருமகனும் கெஞ்சினார்கள், அசையவில்லை. எல்லாரிலும் கடைசியாக வந்தார். உங்களுக்கு மூளை இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு,

"அது எனக்க மவனுக்க கம்பெனியாக்கும். வெல எறங்கிச்சுண்ணு நான் விப்பேனா?" என்றார்.

அவருக்கு வைத்திருந்த திட்டு மிச்சமாகிவிட்டது, அந்த எரிச்சலில்தான் உனக்கு எழுதுகிறேன். உன் ஃபைனலில் எத்தனை மூளைக்காரர் வேண்டுமானாலும் உட்காரட்டும். நீ தோற்றுக்கொண்டிருக்கும்போது உன்னைக் கையில் வைத்திருக்க அவர்களில் ஒருவன் வருவானா என்று யோசித்துப் பார்.

காதை மூடித் தொப்பி போடு, ராத்திரி பிரெட்டைத் தின்று படுக்காதே. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து நல்ல புத்தியும் தரட்டும். ஒன்றை மறந்துவிடாதே. பெட்டியை எடுத்து வைக்கும்போது ஒரு நீலச் சீட்டு குறைந்தது. அது அப்பாவின் வேதாகமத்துக்குள் இருக்கிறது. நான் கேட்டேன், தரவில்லை. நீ வந்து கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா நேசபாய்