சுழிக்குக் கீழே நாலாவது புள்ளி

ஜனவரி 19, திங்கள்

முருங்கைக்காய் சாம்பார். முட்டிவலி பரவாயில்லை.

நேற்று அமாவாசை. மருமகன் பாக்கியசீலன் விடிய விடிய மொட்டைமாடியில் டெலஸ்கோப்போடு கிடந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. பகலில் எலும்பு, ராத்திரியில் நட்சத்திரம். மனுஷ முகத்தை எப்போது எடுப்பாரோ.

காலையில் டிவியில் போட்டுக் காட்டினார். என் மகள் ஜெசிக்குத்தான் காட்டினார். பக்கத்து நாற்காலியில் இருந்த நான் கண்ணை மூடிக்கொள்ளவா முடியும்? வெள்ளம் வடியும்போது நம் முக்கூடல் படித்துறையில் தண்ணீர் சுற்றுமே, அதே மாதிரி ஒன்று. அத்தனையும் நட்சத்திரமாம், கோடி கோடியாக. சுழி என்று பெயர் வைத்துக்கொண்டேன். அதற்குக் கீழே தனியாக மூன்று புள்ளி. அழகுதான். சொல்லவில்லை.

அவரிடம் நேராகப் பேசி இருபத்து நாலு வருஷமும் எட்டு மாசமும் ஆகிறது. 2001 மே 14, திங்கட்கிழமை, ஜெசி கல்யாணம். வேதக்கோயில் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போடப் போனேன். கல்யாணக் கோட்டோடு நின்ற இவர், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், கைநாட்டு வைக்கிற மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். நான் அஞ்சாங்கிளாஸ் வரை படித்தவள். பேனாவை நானே எடுத்து ஞானசௌந்தரி என்று முழுசாக எழுதினேன். அதற்குள் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். யார் யார் என்பதும் தெரியும்.

பிப்ரவரி 19, வியாழன்

புதுப்படம். அதே சுழி. பார்த்ததும் திக்கென்றது. கீழே நாலு புள்ளி!

"ஏட்டி ஜெசி, போன மாசம் மூணுதான இருந்துச்சு? உன் வீட்டுக்காரர்ட்ட கேளு."

அவர் பக்கத்தில்தான் நிற்கிறார். ஜெசி அவர் பக்கம் திரும்பி, "மூணுதான் இருந்துச்சாம்" என்கிறாள். இந்த வீட்டில் எந்தப் பேச்சும் அவள் வழியாகச் சுற்றித்தான் போகும்.

"கேமராவுல தூசி விழுந்திருக்கும்னு உங்கம்மைட்ட சொல்லு. ஆயிரம் புள்ளி இருக்கு. எது எங்கன இருந்துச்சுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

எனக்கு இருக்கும், மனசுக்குள்ளேயே கத்தினேன். எனக்கு இருக்கும்யா! அந்த மை டப்பாவ எந்தக் கையால நகத்துனீரு, அதுகூட இருக்கு. இடது கை.

டிவியை அணைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஜனவரிப் படத்தை ஒரு நிமிஷம் திறந்து பார்த்தால் தீர்ந்தது. பார்க்கவில்லை. அவர் கம்ப்யூட்டரை ஜெசிக்குத் திறக்கத் தெரியாது.

தூசியாம்.

பிப்ரவரி 20

தூக்கமே இல்லை. ஒருவேளை தூசிதானோ? — இல்லை. என் கண்ணை நான் நம்பாமல் யார் நம்புவது?

சாப்பாட்டு மேசையில் ஜனவரிப் படத்தைப் புளியங்கொட்டையால் அடுக்கினேன். நடுவில் சுழிக்குப் பதில் ஓர் உளுந்தவடை. சுற்றிப் பளிச்சென்று தெரிந்த புள்ளிகளுக்கு இருபத்திரண்டு கொட்டை. புதிதாக வந்த நாலாவதுக்கு மட்டும் பச்சைப் பட்டாணி. "போன்ல படம் புடி, தேதியோட விழட்டும்" என்றேன் ஜெசியிடம்.

அடுத்த வீட்டு அக்தர் பானு உறைமோர் வாங்க வந்தாள்.

"என்னக்கா இது, வடையச் சுத்திப் பாத்தி கட்டிருக்கீங்க?"

"வானம்ட்டி அது."

"அப்ப நடுவுல இருக்க வானத்த நான் தின்னுக்கிடட்டா?"

படம் பிடித்தாயிற்று. தின்றாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களின் முதல் ஞாயிறு. கோயிலில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம். பாதியில் எனக்கு இருமல் வந்துவிட்டது. வெளியே வேப்பமரத்தடியில் இருந்தேன். பிரசங்கம் முடிந்தது, இருமலும் நின்றது.

பிப்ரவரி 25

சாயங்காலம் மருமகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஜப்பானில் ஒருவர், அந்தச் சுழியில் ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது என்று நேற்று அறிவித்திருக்கிறாராம். இடம்? சுழிக்குக் கீழே. என் பட்டாணி!

ஜெசி போனில் இருந்த புளியங்கொட்டைப் படத்தை நீட்டினாள். அவர் ஜனவரிப் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கொட்டையாக விரலால் தொட்டுப் பார்த்தார். இருபத்திரண்டும் அதனதன் இடத்தில்.

"அஞ்சு நாள் முந்தியே சொல்லிருக்காங்க ஜெசி. நான் கேட்டிருந்தா நம்ம வீட்டுப் பேருல்லா முதல்ல இருந்திருக்கும்."

நான் சந்தோஷப்பட வேண்டிய நாள். பட்டேன், ராச்சாப்பாடு வரைக்கும். சாப்பிட வரவில்லை அவர். மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு புள்ளிக்காகத்தான் பத்து வருஷமாக மாசாமாசம் அதே இடங்களைப் படம் பிடிக்கிறாராம். ஒரு தடவை அவசரப்பட்டு அறிவித்து, அது தூசியாகப் போய், இவரோடு படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். ஜெசி சொல்லித்தான் தெரியும்.

பலபேர் நடுவில் சிரிப்பு எப்படிக் குத்தும் என்று எனக்கா தெரியாது?

ஒரு தட்டில் ரெண்டு தோசை வைத்து ஜெசியிடம் கொடுத்தனுப்பினேன். யார் சுட்டது என்று சொல்லாதே என்றேன்.

பிப்ரவரி 26

அந்த வெடிப்பு நடந்தது ரெண்டு கோடி வருஷத்துக்கு முன்னாலாம். வெளிச்சம் இப்போதுதான் வந்து சேர்கிறதாம்.

"உன்னை மாதிரியேம்மா, எதையும் விடாம தூக்கிட்டு வருது" என்கிறாள் ஜெசி. ரெண்டு கோடி எங்கே, இருபத்து நாலு எங்கே? அந்த வெளிச்சத்துக்கு முன்னால் நான் பால்குடிப் பிள்ளை.

மார்ச் 8, ஞாயிறு

நம் படத்தை மருமகன் வானத்தை ஆராய்கிறவர்களுக்கு அனுப்பியிருந்தார். அது ஜப்பான்காரர் கண்டதற்கு முந்தையது என்று ஒத்துக்கொண்டு பதில் வந்திருக்கிறது. மருமகன் டவுணுக்குப் போய்ப் பெரிசாக அச்சடித்து வந்தார், கூடவே அல்வாவும். மேசையில் விரித்தார். அடியில், "படம்: பாக்கியசீலன்." அதற்கு மேலே, "புதுப் புள்ளியை முதலில் கண்டவர்:" — பிறகு வெறும் இடம்.

ஜெசி அடுப்படியில். நடுவில் ஆள் இல்லை. சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். என் பக்கம் நீட்டினார்.

"அத்தை, நீங்க கையெழுத்துப் போடணும்."

இந்தத் தடவை வலது கை. அந்த நாள் அவருக்கும் ஞாபகம் இருக்கிறதா, ஜெசி சொல்லிக் கொடுத்தாளா? பேனாவை வாங்கினேன். ஞானசௌந்தரி என்று முழுசாக எழுதினேன்.

"மை காயட்டும் மாப்பிள. அதுக்குள்ள சுருட்டிராதீங்க."

"சரி அத்தை."

"எம்மா, யார்ட்ட பேசுத?" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டாள் ஜெசி.

மார்ச் 20

புதுப்படம். போட்டதும் என்னைத்தான் கூப்பிட்டார். "புதுசா எதும் தெரியுதா அத்தை?"

நாலாவது நன்றாக மங்கிவிட்டது. மற்றது எல்லாம் இருந்தபடியே. சொன்னேன்.

ஜப்பான்காரர் பெயர் என்ன என்றும் கேட்டேன். சொன்னார். எழுதி வைக்கட்டுமா என்றார். வேண்டாம் மாப்பிள, ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதும் என்றேன்.