ஆசியருக்கான இடம்

வுப்பர்டால்
ஏப்ரல், ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் ஆதிரைக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று முருகனைக் கும்பிடுகிறேன். உடம்பைப் பற்றித்தான் அப்படி எழுத முடிகிறது, மற்றதற்குப் பொய் எழுத வரவில்லை. ரெலிபோனில் இதைக் கதைக்க ஏலாது. நீ எடுத்த உடனே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து இருந்துவிடுவார், நீ ஒரு கிழமை எடுக்காமல் விட்டு "சொறி அப்பா, மறந்துபோனன்" என்று சொன்னாலும் சிரித்துக்கொண்டு பரவாயில்லை என்பார். அதனால் இந்தப் பார்சலுக்குள் மிளகாய்த்தூள் பைக்குக் கீழே வைத்து அனுப்புகிறேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவள் நீ, அதற்காகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

ஒக்டோபரில் உங்கள் கரப்பந்து லீக் தொடங்கியதில் இருந்து சனியும் ஞாயிறும் எங்கள் வீடு யப்பான் நேரத்துக்குத்தான் எழும்புகிறது. உங்களுக்கு மத்தியானம், எங்களுக்கு இன்னும் இருட்டு. அப்பா முதலே எழும்பித் தேத்தண்ணி போட்டு, ரெலிபோனை ரிவியோடு பொருத்தி, பிறகுதான் என்னைத் தட்டுவார். மேசையில் ஆறு போத்தல் மூடிகள் வைத்திருக்கிறார், உங்கள் அணி இடம் மாறி மாறி நிற்கும்போது அவரும் மூடிகளை நகர்த்துவார். நீ சிவப்பு மூடி. நீ அடித்துப் புள்ளி எடுத்தால் உங்கள் அணிப் பிள்ளைகள் கத்துகிற மாதிரியே "நைஸ் கீ" என்று கத்துவார், கீழ்வீட்டு மனுசி ஒருநாள் வந்து முறைப்பாடு சொன்னா, அடுத்த நாள் அவரே போய் உன்னுடைய படத்தைக் காட்டிவிட்டு வந்தார், இப்போது அந்த மனுசியும் திங்கட்கிழமைகளில் வென்றீர்களா என்று கேட்கிறா. அறிவிப்பாளர் உன் பெயரை இழுத்து இழுத்துச் சொல்லுவதும், அதற்குப் பிறகு "டொய்ட்சு" என்று ஜேர்மனியைச் சொல்லுவதும் அப்பாவுக்கு ஒரு சந்தோசம். எனக்கு அது அப்போதே ஒரு மாதிரித்தான் இருந்தது. இங்கே பிறந்து இங்கேயே படித்த உன்னைப் பார்த்து, நீ எந்த நாடு, இல்லை, உண்மையாக எந்த நாடு என்று கேட்காத பயிற்சியாளர் ஒருவர் இருந்தாரா? மற்றப் பிள்ளைகளின் தாய்மார் இருந்தார்களா? யப்பானுக்குப் போனபிறகுதான் உன்னை ஒருத்தரும் கேள்வி கேட்காமல் ஜேர்மன்காரி என்றார்கள்.

புதுவருசத்துக்குப் பிறகு அந்த உயரமான பிரேசில் பிள்ளை வந்தது, வெளிநாட்டவருக்கு உள்ள இடம் நிரம்பிவிட்டது, நீ மாற்று ஆட்களோடு வாங்கில் போய் இருந்தாய். சிவப்பு மூடி சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடக்கும். அப்பா அதை எடுத்து உள்ளே வைக்கவும் மாட்டார், எறியவும் மாட்டார். கமெரா வாங்கின் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்துக் காத்துக்கொண்டிருப்பார், நீ துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னாலே எழும்பிக் கை தட்டுவாய், "பாரும், என்ன வடிவாகத் தட்டுறாள், அதுவும் வேலைதானே" என்பார். கை தட்டுவதற்கா உன்னைப் பன்னிரண்டு வயதில் இருந்து தொங்கு ரயிலில் பயிற்சிக்கு ஏற்றி இறக்கினோம்?

எங்கடை ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நவம்பரில் சங்கத்துத் தலைவர் உமாபதி அண்ணை உன் படத்தைப் பெரிதாக அடித்து மண்டபத்தில் ஒட்டினார், காற்சட்டை தெரியக்கூடாது என்று இடுப்போடு வெட்டி. யப்பானில் எங்கள் தமிழ்ப் பிள்ளை என்று எழுத்து வேறு. அவருடைய மனுசிதான் நீ பதினைந்து வயதில் விளையாடும்போது தொடை தெரிய ஓடுகிறாள் என்று கோயிலில் கதைத்தவ. போன மாதம் அவர் என்னைக் கடையில் கண்டு, ஆட்கள் நிற்கத்தக்கதாக, "என்ன தங்கச்சி, வாங்கிலை இருக்கிறதுக்கும் அங்கை சம்பளம் குடுப்பினமோ" என்று கேட்டார். "ஓம் அண்ணை, சங்கத்திலை கதிரையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறதுக்குத்தான் ஒருத்தரும் தாறேல்லை" என்றேன். கடைக்காரப் பெடியன் கறிவேப்பிலைப் பெட்டிக்குப் பின்னாலே குனிந்துவிட்டான். படம் அடுத்த கிழமையே மண்டபத்தில் இருந்து போய்விட்டது. போகட்டும்.

அந்த நேரம்தான் நீ எடுத்து, லீக்கில் ஆசிய நாட்டவருக்கு என்று தனியாக ஓர் இடம் இருக்கிறது, எங்கள் கிளப்பில் அது காலி, நான் ஆசியாக்காரி என்று காட்டினால் அடுத்த வருசமும் வைத்திருப்பார்கள் என்று சொன்னாய். "அப்பா, நான் பிறக்கேக்கை நீங்கள் சிறிலங்காப் பிரசைதானே, எனக்கும் அந்தப் பாஸ்போட் எடுக்க ஏலாதோ" என்று கேட்டாய். நீ கேட்டது பிழை இல்லை. உன் தொழில், உன் இடம். அப்பா எழும்பி பல்கனிக்குப் போய்விட்டார். காரணம் உனக்குத் தெரியும், ஆனால் கதையாகத்தான் தெரியும். உன் சித்தப்பா தபோதரனை இரவில் வந்து பிடிக்கவில்லை, துவக்கோடு நின்றவனைப் பிடிக்கவில்லை. பின்னேரம் கரப்பந்து விளையாடிக்கொண்டு நின்றவனை, அப்பாவுக்குப் பந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றவனை, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஆமிக்காரர் ஏற்றினார்கள், பிறகு அவன் வரவேயில்லை. வலை கட்டினபடியே இருந்ததாம். அந்த நாளில் அப்பா ஒவ்வொரு வருசமும் சாப்பிடுவதில்லை. ஊருக்கு விடுமுறை போய்க் கடற்கரையில் படம் எடுத்துப் போடுகிற ஆட்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவரவர் மனம். இவர் போகவில்லை, அந்த நாட்டின் அலுவலகம் ஒன்றின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. நீ பிறந்ததை அங்கே பதியாமல் விட்டதும் அதனால்தான். ஜேர்மன் பிரசாவுரிமை கிடைத்த அன்று வேலைத்தலத்தில் எல்லாருக்கும் கேசரி கொடுத்தவர்.

பிறகு ஒரு நாள் என்னிடம், திங்கட்கிழமை லீவு எடும், ஓர் இடத்திலை போய்ச் சந்திக்க டெர்மின் எடுத்திருக்கிறன் என்றார். என்ன டெர்மின் என்றேன். பிள்ளையின்ரை அலுவல் என்றார். கலியாண வீட்டுக்கு வாங்கின கோட்டைப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். ரயிலில் தண்ணிகூடக் குடிக்கவில்லை. சிறிலங்காத் தூதரக வாசலில் அந்தப் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று, ஒழுங்காகக் கட்டியிருந்த சப்பாத்தை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன் பிள்ளை. ஒருத்தன் மரியாதை இல்லாமல் கதைக்கட்டும், இன்றைக்கு இந்த இடத்தை இரண்டாக்குகிறேன் என்று. அங்கே இருந்தவன் உன் வயதுப் பெடியன், நல்ல மரியாதையான பெடியன். சிங்களத்தில் தொடங்கினான், அப்பாவுக்கு விளங்கும், பதில் சொல்லவில்லை. உடனே பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் தட்டித் தடவிக் கேட்டான்: அங்கிள், மகள் பிறந்தது ஏன் அப்பவே பதியேல்லை?

எனக்குப் பதில் நாக்கு நுனியில் நின்றது. உங்களிட்டை இருந்து தப்பி ஓடி வந்தவன், எனக்கொரு பிள்ளை பிறந்திருக்கிறது என்று உங்களுக்கே வந்து சொல்லுவானோ? அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா என் முழங்கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு, அந்தப் பெடியனைப் பார்த்து, "மறந்துபோச்சுது, சேர்" என்றார்.

அவன் சிரித்து, "பரவாயில்லை அங்கிள், கன பேர் மறக்கிறவை" என்றான். நல்ல மனத்தோடுதான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவன் திட்டியிருந்தால் இந்த மனுசன் திரும்பி வந்திருப்பார். இவ்வளவு காலமாக மறக்க ஏலாமல் இருக்கிற ஒரு மனுசன், தன் தம்பியைக் கொண்டுபோனவர்களின் கொடிக்குக் கீழே நின்று, தான் மறந்துபோனதாகச் சொல்லிவிட்டு வந்தார், சேர் என்றும் சொன்னார், நீ ஒரு வருசம் கூட விளையாட வேண்டும் என்பதற்காக. பெடியன், நாள் நிறையப் போய்விட்டது, ஏலுமோ என்று கேட்டுச் சொல்கிறோம் என்றான். திரும்பி வருகிற ரயிலில் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான், சனிக்கிழமை பிள்ளையின்ரை மச் எத்தினை மணிக்கு என்று.

அந்தக் கிழமையே உன் செய்தி எனக்கு வந்தது. பாஸ்போட் மாறினாலும் பிரயோசனம் இல்லையாம், நீ பதினேழு வயதில் ஜேர்மன் இளையோர் அணிக்கு விளையாடியிருக்கிறாய், விளையாட்டில் நீ ஜேர்மன்காரி என்றுதான் பதிந்திருக்கிறதாம், அதை மாற்ற வெளிக்கிட்டாலும் அடுத்த வருசத்துக்குள் நடக்காதாம். வயோதிபர் இல்லத்தில் வேலையில், உடுப்புத் தோய்க்கிற அறையில் நின்று வாசித்தேன். உடுப்புக் கூடையைக் காலால் உதைத்தேன், அது உருண்டுபோய்க் கதவில் அடித்தது, மேற்பார்வைக்காரி வந்து என்ன என்று கேட்டாள், தடக்கிவிட்டேன் என்றேன். ஒதுக்கி வைக்கவேண்டிய இடத்தில் எல்லாம் நீ ஆசியாக்காரி. ஆசியாக்காரிக்கு ஓர் இடம் இருக்கிறது என்றால் அங்கே நீ ஜேர்மன்காரி. யார் எழுதினாலும் சட்டம் எங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சரியாகப் பொருந்துகிறது? பின்னேரம் அப்பாவுக்குச் சொன்னேன். அவர், "அப்ப எங்கடை பிள்ளை முழு ஜேர்மன்காரி எண்டு உலகத்திலை ஒரு இடத்திலையாவது எழுதி வைச்சிருக்கிறாங்கள்" என்று சிரித்தார். பிறகு குளிக்கப் போனார். தண்ணி ஓடிக்கொண்டே இருந்தது. நான் கதவைத் தட்டவில்லை.

நேற்று உங்கள் கடைசி ஆட்டம். மூன்றாவது செற்றில் பயிற்சியாளர் உன்னைச் சேர்விஸ் போட அனுப்பினார். அப்பா எழும்பி நின்று, சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடந்த சிவப்பு மூடியை எடுத்துப் பின்மூலையில் வைத்தார். நீ பந்தை நிலத்தில் தட்டினாய், மண்டபம் முழுக்க உனக்காகக் கை தட்டியது, இந்த முறை மற்றவர்கள் உனக்கு. நீ அடித்தாய், பந்து வலையில் பட்டு உன் பக்கமே விழுந்தது. அவ்வளவுதான், திரும்ப வெளியே. அந்தப் பிரேசில் பிள்ளை உன் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனது, நல்ல பிள்ளை, அதன் மேல் எனக்கு இருந்த கோபத்தை விட்டுவிட்டேன். முடிந்தபிறகு கிளப்பை விட்டுப் போகிறவர்களுக்குப் பூங்கொத்துக் கொடுத்தார்கள், உன் கையிலும் ஒன்று இருந்தது. நீ எங்களுக்குச் சொல்லுவதற்கு முன்னமே அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. நீ குனிந்து வணங்கினாய், நிமிர நேரம் எடுத்தாய். அப்பா சத்தத்தைக் குறைத்தார், ரிவியை நிற்பாட்டவில்லை. "பந்தை மேலை எறியேக்கை கொஞ்சம் முன்னுக்குப் போட்டுது, அதுதான்" என்றார். இன்று காலையும் அதே நேரத்துக்கு எழும்பி வந்து, ஆட்டம் இல்லாத ரிவிக்கு முன்னால் தேத்தண்ணியோடு இருந்தார்.

இனி நான் விளையாட்டை விட்டிடுறன் அம்மா என்று செய்தி போட்டிருக்கிறாய். முழங்கால் ஏலாது என்றால் விடு, அலுத்துப்போச்சு என்றாலும் விடு, நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். போலந்தில் கேட்கிறார்கள் என்றாய், அதற்கு ஓமோ இல்லையோ என்பதை அழுது முடித்துவிட்டு யோசி. ஆனால் அப்பா உனக்காக அங்கே போனார், அதனால் நான் விளையாடத்தான் வேண்டும் என்று நினைத்து விளையாடாதே. அதை ஒருத்தராலும் திருப்பிக் கொடுக்க ஏலாது, அது போனது போனதுதான். இதில் நல்லது ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை, தேடாதே. கலியாணம் பேச வரச் சொல்லி யாரும் எடுத்தால் என்னிடம் கதைக்கச் சொல்லு. நேரத்துக்குச் சாப்பிடு. பார்சலில் விரலுக்குச் சுற்றுகிற பிளாஸ்ரர் இருக்கிறது, அப்பா வாங்கினது, நீ விடப்போகிறாய் என்று அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை, அதை நீதான் சொல்ல வேண்டும்.

எங்கே நின்றாலும் நீ நிமிர்ந்து நில், முருகன் உன்னைக் காப்பான், எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் இருக்கிறது. ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள். வருகிற ஞாயிறு அப்பாவுக்கு எடு. அந்த அலுவலகத்தைப் பற்றி ஒன்றும் கேளாதே, நன்றியும் சொல்லாதே, மன்னிப்பும் கேளாதே. சேர்விஸ் ஏன் வலையில் பட்டது என்று கேள், அவரிடம் பதில் இருக்கிறது, நீண்ட பதில், குறுக்கே கதைக்காமல் கேள். ஒருவேளை எடுக்க முடியாமல் போனால், நித்திரையாய்ப் போனேன் என்று சொல்லு, சார்ஜ் இல்லை என்று சொல்லு, எந்தப் பொய்யும் சொல்லு. மறந்துபோனன் என்று மட்டும் அவரிடம் இனிச் சொல்லாதே.

உன் அம்மா,
சுஜானி தவராசா