நீ மாற்றிப் படித்த சாவிக் கதை

என் அஞ்சலைக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்கிறாள் மருமகள் வளர்மதி. உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தபோதே நான் அதை ஒழுங்காகக் கேட்கவில்லையோ என்று இப்போது சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தால்தான் இந்தக் கடிதம்.

நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். என் பேச்சை எழுத்து நடைக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஏன் சத்தியம் வாங்கினேன் என்று உனக்குப் புரியும். நீ போய்க்கொண்டிருந்த நூலகத்தின் வாசகர் வட்டம் ஒரு மலர் போடுகிறதாம். உன்னைப் பற்றி நான் ஏதாவது சொல்ல வேண்டுமாம். அதனால் இதை நாலு பேர் படிப்பார்கள். பரவாயில்லைதானே?

வீட்டுச் செய்தி முதலில். அரசாங்கம் கொடுத்த கலர் டி.வி. வந்துவிட்டது. நம் பிள்ளை குமார் செல்போன் வாங்கியிருக்கிறான். வீட்டுக்குள் பேச்சு கேட்பதில்லை என்று வேப்பமரத்தடியில் நின்று கத்துகிறான். நீ வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் இப்போது யானை பொம்மை நிறையப் போகிறது. அச்சிலிருந்து எடுத்த யானைக்கு ஈரப் பஞ்சால் காது ஓரத்தைத் தேய்த்துவிடும் வேலையை, உன் இடத்தில் உட்கார்ந்து வளர்மதிதான் செய்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாரப் பத்திரிகைகளிலிருந்து கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கடைத்தெருவில் கொடுத்து மூன்று புத்தகமாக பைண்டு பண்ணி வைத்தாயே, அவை டிரங்குப் பெட்டியில் அப்படியே இருக்கின்றன. எனக்கு எழுத்து தெரியாது. அந்தக் கதைகள் எல்லாம் எனக்கு உன் குரல்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நீ படிப்பாய், நான் படுத்துக்கொண்டு கேட்பேன். "போன வாரம் எங்கங்க விட்டோம்?" என்பாய். கடைசி வரியை நான் சொல்வேன். ஒரு சொல் பிசகாது. "எழுத்து தெரிஞ்ச எனக்கு அடையாளத்துக்கு அட்டை வேண்டியிருக்குது, உங்களுக்கு அதுகூட வேணாம்" என்று சிரிப்பாய்.

உனக்குத் திதி கொடுத்து முடித்த ஞாயிற்றுக்கிழமை, எதுவும் ஓடவில்லை. சாவிக் கதையைப் படி என்று வளர்மதியிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். நம் அப்பா காலத்தில் யாரோ எழுதியது, மறுபடி போட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்ன கதை. எழுதியவர் பெயரை, பைண்டு பண்ணினவர் ஓரம் வெட்டும்போது சேர்த்து வெட்டிவிட்டார்.

மலர் படிக்கிறவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டவுனில் ஒரு புருஷன், பொண்டாட்டி. புருஷன் ஆபீசில் வேலை. குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். வீட்டுக்கு ஒரே சாவி, அது அவனிடம். எனக்கும் ஒரு சாவி வேண்டும் என்கிறாள் அவள். வீட்டிலேயே இருக்கிறவளுக்குச் சாவி எதற்கு என்று அவன் சிரிக்கிறான். சாவி இல்லாததால்தான் வீட்டிலேயே இருக்கிறேன் என்கிறாள் அவள். கதவைத் திறந்து போட்டுவிட்டு எங்கே போவது? மூன்று தரம் கேட்கிறாள்.

நீ படித்ததில், மூன்றாவது தரம் கேட்டபின் அவன் பேசாமல் இருப்பான். இரண்டு நாள் கழித்து, அவள் குடிக்கும் காபி டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு புதுச் சாவி இருக்கும். அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய், பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வந்து தன் கையால் கதவைத் திறப்பாள். கதை முடிந்தது.

வளர்மதி படித்ததில் அப்படி வரவில்லை. மூன்றாவது தரமும் அவன் சிரித்துவிட்டு ஆபீசுக்குப் போகிறான். அவள் முன்கதவையும் பின்கதவையும் நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போய்விடுகிறாள். எங்கே என்று இல்லை. அவன் சாயங்காலம் வந்து, திறந்த கதவுக்கு வெளியே நிற்கிறான். அவ்வளவுதான்.

"தப்பா படிக்கிற" என்றேன்.

"இல்ல மாமா, இப்படித்தான் போட்டிருக்குது."

"அவன் சாவி குடுப்பான். இவ போயி பாலத்துல நிப்பா."

"பாலமா? எந்தப் பாலம்? இதுல பாலமே இல்லியே."

"பக்கத்தத் தாண்டிட்ட."

"பக்கத்தத் தாண்டுறதுக்கு இது என்னா பாண்டி ஆட்டமா மாமா? நான் பன்னெண்டாவது படிச்சவ."

"என்ன படிச்சி என்ன, உங்க அத்தை மாதிரி படிக்க வரல" என்று சொல்லிவிட்டேன். அவள் புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். அன்றைக்குப் பாத்திரம் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. இதை எழுதும்போது இப்போது சிரிக்கிறாள்.

மறுநாள் புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கிற அம்மா உன் சிநேகிதிதானே. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்கள். அதே முடிவு. இன்னொரு தபா படிங்க என்றேன். படித்தார்கள். இன்னொரு தபா என்றேன்.

"எத்தினி தபா படிச்சாலும் அவ திரும்பி வர மாட்டா ஐயா" என்றார்கள்.

நான் கிளம்பும்போது அந்த அம்மாவுக்கு ஏதோ நினைவு வந்தது. "ஒரு நாள் அஞ்சலை என்னைக் கேட்டாங்க. படிக்கத் தெரியாதவங்களுக்குப் படிச்சிக் காட்டும்போது மாத்திப் படிச்சா பாவமான்னு. எதுக்கு மாத்துறீங்கன்னு கேட்டேன். சிரிச்சாங்க. புக்குல தேதி போட்டுக்கினு போயிட்டாங்க."

ஏன் சிரித்தாய் அஞ்சலை?

எனக்கு ஞாபகம் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும். அன்றைக்கு வழியெல்லாம் அந்த ஞாபகம்தான் என்னைப் பிய்த்தது. ஐப்பசி மழையில் ஒரு நாள் நான் சூளை வேலை முடித்து வருகிறேன். நீ எனக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, பக்கத்து வீட்டுச் சன்சேட்டுக்குக் கீழே நனைந்துகொண்டு நிற்கிறாய். அப்படித்தானே தினமும்? சாவி என் அரைஞாண் கயிற்றில். "எங்கிட்டயும் ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்லங்க" என்றாய். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாய். "ரெண்டு சாவி இருந்தா ஒண்ணு தொலையும்" என்றேன். நீ சிரித்தாய். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் சாவிக் கதை படித்தாய்.

கதை முடிந்ததும் நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. "நல்ல மனுஷன் அவன்" என்றேன்.

"எதனால?" என்றாய்.

"பொண்டாட்டி கேட்டதக் குடுத்தான்ல."

"ஆமாங்க" என்றாய். எழுந்து போய் அரிசி களைந்தாய்.

மறுநாள் சூளையில் பீங்கான் அடுக்கும்போது எல்லாருக்கும் அந்தக் கதையைச் சொன்னேன். "என்னா அய்யாக்கண்ணு, நீ உன் பொண்டாட்டிக்குக் குடுத்துட்டியா?" என்று ஒருவன் கிண்டல் பண்ணினான். "எம் பொண்டாட்டி கேக்கவே இல்லியே" என்றேன். அஞ்சலை, பொய் சொல்லவில்லை. நீ கேட்டது கேட்டதாகவே எனக்குத் தோன்றவில்லை. ஒரு சொல் விடாமல் ஞாபகம் வைத்திருந்தேன். அது என்ன சொல் என்று மட்டும் தெரியவில்லை.

அப்புறம் அந்தப் பாலம். புத்தகத்தில் இல்லாத பாலம். உன் தங்கையைப் பார்க்க ஸ்ரீமுஷ்ணம் போனவள், மத்தியானம் வர வேண்டிய பஸ்ஸுக்கு வராமல் சாயங்காலம் வந்தாய். மணிமுத்தாற்றுப் பாலத்திலேயே இறங்கி நின்றுவிட்டேன் என்றாய். "தண்ணியே இல்ல, அங்க என்னாத்தப் பாத்த?" என்றேன். "மணலத்தான் பாத்தேன். யாரும் கூப்பிடல. அதனால நின்னுட்டேன்" என்றாய். நான் சாப்பாடு கேட்டேன். கதை படித்ததற்கு முன்னால் நடந்தது இது. அப்படியென்றால் கதையில் அவளைக் கொண்டுபோய் அந்தப் பாலத்தில் நிறுத்தியது நீ. அவள் போன பாலமா அது, நீ நின்ற பாலமா?

நான் உன்னை அடித்ததில்லை. குடித்ததில்லை. அந்தக் கதைப் புருஷனும் அப்படித்தான் என்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

ஏன் மாற்றினாய்? நான் செய்ய வேண்டியதை அவனைச் செய்ய வைத்துக் காட்டினாயா? அல்லது, அவள் போய்விட்டதைக் கேட்டால் எனக்கு உன் மேல் சந்தேகம் வரும் என்று பயந்தாயா? எனக்கு மனசு கஷ்டப்படும் என்று பார்த்தாயா? எந்த முடிவு உனக்குப் பிடித்தது? நீ தனியாகப் படிக்கும்போது செருப்பில்லாமல் தெருவில் இறங்கினாயா? இறங்கினாய் என்றால் எதற்காகத் திரும்பி வந்தாய்? எனக்காகவா, குமாருக்காகவா, வேறு போக்கிடம் இல்லாமலா? ஒன்று சரி என்று நினைத்தால் அடுத்த நிமிஷம் இன்னொன்று சரியாகத் தெரிகிறது. சூளையில் தீ கூடினால் கண்ணால் பார்த்தே சொல்வேன். இதைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு கூத்தையும் கேள். போன வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாவி போடுகிறவனிடம் நம் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். "எத்தினி போடணும் பெரியவரே?" என்றான். ரெண்டு என்று வாய் சொல்லிவிட்டது. ஒன்றை வளர்மதியிடம் கொடுத்தேன்.

"நான் கேக்கவே இல்லியே மாமா."

"கேட்டிருப்ப. என் காதுல விழுந்திருக்காது."

சாவியை வாங்கி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாள். "இன்னொண்ணு யாருக்கு?" என்று கேட்டாள். உன் போட்டோவில் மாட்டலாமா என்றேன்.

"செத்த அப்புறம் அவங்களுக்கு எதுக்கு மாமா சாவி?" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே கஷ்டமாகிவிட்டது. இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது என்கிறேன். சரியாகத்தானே கேட்டாள்? அந்தச் சாவி மூன்று நாளாக என் சட்டைப் பையில் கிடந்தது. நேற்றுக் குமாரிடம் கொடுத்துவிட்டேன். "இத்தினி வருஷமா எனக்கும்தாம்பா சாவி கெடையாது" என்றான் அவன். அவனும் உன்னைப் போலவே இருந்திருக்கிறான், எனக்குத் தெரியவில்லை.

வளர்மதி நேற்று ஒன்று கேட்டாள். "மாமா, மூணு புக்குலயும் இன்னும் எவ்ளோ கதை இருக்குது. அத்தை வேற எதையெல்லாம் மாத்தினாங்கன்னு படிச்சிப் பாக்கலாமா?"

வேண்டாம் என்றேன். எனக்கு எல்லாக் கதையும் உன் குரலில்தான் இருக்கிறது. அச்சில் இருப்பதைக் கேட்டுவிட்டால், அது உன் குரல் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எனக்கு மிச்சம் என்ன? சாவிக் கதையிலேயே உன் முடிவைச் சொல்லிப் பார்க்கும்போது நடுவில் அந்தச் செருப்பில்லாத கால் வந்துவிடுகிறது. ஒரு ராத்திரி முழுக்க வேண்டாம் வேண்டாம் என்றே இருந்தேன்.

காலையில் வேறு மாதிரி தோன்றியது. புத்தகத்தில் இருப்பது யாரோ எழுதியது. நீ படித்ததில் புத்தகத்தோடு ஒத்துப்போகிற இடமும் அவருடையதுதான். ஒத்துப்போகாத இடம் மட்டும்தான் நீ. நாற்பது வருஷத்தில் நீ எனக்கு நேராகச் சொல்லாததெல்லாம் அங்கேதான் இருக்கிறது. நான் அதைப் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

அதனால் வாக்குக் கொடுக்கிறேன் அஞ்சலை. வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொரு கதையாக, முதலில் நீ படித்தபடி நான் சொல்வேன். அப்புறம் அச்சில் இருக்கிறபடி வளர்மதி படிப்பாள். இரண்டும் எங்கே பிரிகிறதோ அங்கே நிறுத்தச் சொல்வேன். அவன் நல்லவன், இவள் கெட்டவள் என்று எதுவும் சொல்ல மாட்டேன். சாப்பாடு கேட்க மாட்டேன். ஏன் புள்ள, என்ன வேணும் உனக்கு என்று கேட்டுவிட்டு, பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பேன்.

நீ கூப்பிட்டபடியே,
உன் கொமாரு அப்பா