விடுபட்ட மூன்றாவது பெயர்

இன்று காலை மருதமுனையில் ஒரு ஒழுங்கையால் நடந்து வந்தேன். வேலியில் காயப் போட்டிருந்த நூலிலிருந்து ஈரச் சாயத்தின் வாடை அடித்தது. உடனே உன் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன, மச்சான். நகக்கண் வரை நீலம். கல்யாண வீட்டில் ஒரே சகன் தட்டைச் சுற்றிக் கூடிச் சாப்பிட உட்கார்ந்தால், உன் பக்கத்துச் சோறு நீலமாகுது என்று பகிடி பண்ணுவோம்.

நீ மௌத்தாகிப் பதினொரு மாதமாகிறது. உயிரோடு இருக்கும்போது சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் புது வாத்தியார். என் வீட்டு வளவில் இரண்டு தறி. எத்தனை தரம் துவைத்தாலும் வெளுக்காத நீலத்தைக் காய்ச்சும் கைப்பக்குவம் உன்னிடம். இரண்டு தறியைப் பத்தாக்க, முதல் போட ஆள் தேடிக் கடை கடையாக அலைந்தோம். எல்லாரும் தேத்தண்ணி தந்தார்கள், முதல் தரவில்லை. கடைசியில் கல்முனையில் பிடவைக் கடை வைத்திருந்த ஹாஜியாரிடம் போனோம்.

அவர் வீட்டுக் கிணற்றடியில் உன் நீலத்தில் நெய்த புதுச் சாரன் ஒன்றை மூன்று தரம் கசக்கி, அந்தத் தண்ணீரைக் கோப்பையில் ஏந்தி நீட்டினாய். துளி நிறம் இல்லை.

"குடிச்சிக் காட்டவா, ஹாஜியார்?"

"வாணாம் மனே! நீ மௌத்தானா பழி என்ட தலையில" என்று அவர் சிரித்தார். முதல் போடச் சம்மதித்தார்.

அந்த நாளில் நம் பக்கத்தில் கூட்டுத் தொழிலுக்குக் கடதாசி எழுதுவது குறைவு. பங்காளிகளின் பெயரைச் சொல்லி ஒருவர் துஆ ஓதுவார். மற்றவர்கள் ஆமீன் சொன்னால் பேச்சு முடிந்தது. ஹாஜியார் கையேந்தினார். நாமும் ஏந்தினோம். தன் பெயரைச் சொன்னார். என் பெயரைச் சொன்னார். "இந்த ரெண்டு பேர்ட தொழிலிலயும் பரக்கத்தைத் தா, ரப்பே" என்று முடித்தார்.

உன் பெயர் வரவில்லை. நீ என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. குறுக்கே கதைத்தால் மனிதர் எழும்பிப் போய்விடுவார், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆமீன் என்றேன். ஒரு கணம் கழித்து நீயும் ஆமீன் என்றாய்.

திரும்பும் வழியில் நீ சைக்கிள் மிதித்தாய், நான் பின்னால் இருந்தேன். பாண்டிருப்பு தாண்டினோம். பிறகு, "என்ட பேரு நீளமாக்கும், ஹாஜியாருக்கு மூச்சு வாங்கியிரிக்கும்" என்றாய். நான் சிரித்தேன். மச்சான், அதற்குச் சிரித்திருக்கக் கூடாது.

மறுநாள் ஹாஜியாரிடம் தனியாகப் போய், உன்னையும் பங்காளியாகச் சேர்க்கச் சொன்னேன்.

"காசு என்ட, வளவு உங்கட. அவர் என்னத்தப் போட்ட? கூலி தருவம்" என்றார். "மறுகா, நீங்களும் ஆமீன் சொன்னதானே வாத்தியார்?"

இதைக் கேட்டு நீ சண்டை பிடிக்கவில்லை. ஒரு கிழமை முழுக்க என்னைப் பக்கத்தில் வைத்து, எந்தச் சூட்டில் நூலை இறக்குவது, எப்போது உப்புப் போடுவது என்று எல்லாம் காட்டினாய். அடுத்த கிழமை கொழும்பு பஸ் ஏறினாய். உன்னை நான் மறுபடி காணவில்லை. தறி பத்தாகி, இருபதாகியது. என் பிள்ளைகள் அதில்தான் வளர்ந்தார்கள்.

வகுப்பில் பங்கு வியாபாரக் கணக்குப் படிப்பிக்கும்போது ஒருவர் காசு போட்டார், ஒருவர் காணி போட்டார், ஒருவர் தொழில் தெரிந்தவர் என்று உதாரணம் எழுதுவேன். ஏதாவது ஒரு பிள்ளை எழும்பும்: "சேர், மூணாவது ஆள் ஒண்டும் போடல்லியே?" கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, எழுதியதையே மறுபடி எழுதுவேன்.

இப்போது ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உன் பெயரை முழுதாகச் சொல்லித் துஆ கேட்கிறேன். ஆமீன் சொல்ல வாய் திறக்கும்போது, பக்கத்திலிருந்து, அன்று ஒரு கணம் பிந்தி வந்த உன் ஆமீன்தான் முதலில் கேட்கிறது.